காரங்காட்டு மக்களுக்கு ஒரு நன்றி மடல்

காரங்காட்டு ஊர் மக்களுக்கு வணக்கம்.

நாங்கள் தொண்டியில் கடலியல் படிக்கும் மாணவர்கள். இரண்டு வருடமாக உங்கள் ஊருக்குக் கண்டல், அதாவது உப்புநீர்க் கரையில் வளரும் அலையாத்தி மரக் கன்று, நட வந்துபோனவர்கள். அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. அவரவர் ஊருக்குப் பிரிவதற்குள் இதை எழுதிவிட நினைத்தோம்.

முதல் வருடம் நாங்கள் நட்டதெல்லாம் பட்டுப்போனது உங்களுக்கே தெரியும். நடந்துபோக வசதியாக இருக்கிறதே என்று மேட்டுப் பக்கம் நட்டோம். மழைக்காலத்தில் தளதளவென்று நின்ற கன்றுகள், சித்திரையில் தண்ணீர் வற்றி உப்புப் பூத்ததும் கருகிவிட்டன. பாக் விரிகுடாவில் ஓதத்தில் கடல்நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அரையடி மேடானாலும் தண்ணீர் எட்டாது. பாடத்தில் படித்ததுதான். தரையில் பார்க்கத் தெரியவில்லை.

அன்றைக்குத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டுக் கரையேறிய அப்பத்தா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏத்தா, நண்டு வளை இருக்கிற இடமாப் பாத்து நட்டா என்ன? அங்கதானே தண்ணி ஏறி வத்தும்" என்றார். அப்பத்தா, முதல் நன்றி உங்களுக்குத்தான். மறுநாள் நீங்கள் முன்னால் நடந்தீர்கள், நாங்கள் பின்னாலேயே குச்சி ஊன்றி வந்தோம். பிறகு மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய அதே கோடு!

அப்புறம் வாய்க்கால். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பலன் கொடுத்த மீன்முள் முறை அது. நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓதத்தில் உள்ளே வரும் நீர், வற்றும்போது மண்ணின் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். காகிதத்தில் வரைந்தது நாங்கள். கடலுக்குப் போகாத நாட்களில் ஓய்வை விட்டு, முழங்கால் சேற்றில் நின்று வெட்டியது ஊர் அண்ணன்மார்கள். வாடைக்காற்றில் விதை பொறுக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. அவரை விதைபோலத் தட்டையாக இருக்கும் அதில், புழு துளைத்ததை எங்களைவிட வேகமாகப் பிரித்துப் போட்டார்கள்.

ஆடு வளர்க்கும் அக்காமார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்டல் இலை என்றால் ஆடு விடாது. வேலி போட எங்களிடம் பணமும் இல்லை. கன்று வேர் பிடிக்கும்வரை நாலு மாதம் ஆடுகளைக் கட்டிப்போட்டு, தினமும் தழை அறுத்து வந்து போட்டீர்கள். அது எவ்வளவு கூடுதல் வேலை! எங்கள் ஆய்வு அறிக்கையில் கன்றுகளின் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது, உங்கள் உழைப்புக்கு இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

போன வாரம் வந்து பார்த்தோம். இந்தச் சித்திரையில் இலைகள் கருகவில்லை.

ஆடிக்குப் பிறகு புது மாணவர்கள் வருவார்கள். குச்சி ஊன்றுவதற்கு முன்னால் அப்பத்தாவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
தொண்டி கடலியல் மாணவர்கள்