மாடு தின்ற மிச்சம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"படம் எடுக்க என்னடா மிச்சம் இருக்கு, எல்லாம்தான் எடுத்தாச்சே" என்று அலுத்துக்கொண்டிருந்தாயே, எனக்கும் அப்படித்தான் இருந்தது. 36 படம் உள்ள ஒரு ரோலை மூன்று மாதம் வைத்துக்கொண்டு தெற்குக் கோபுரத்தையும் தெப்பக்குளத்தையுமே மாற்றி மாற்றி எடுத்தவர்கள்தானே நாம்.

இப்போது ஒரு சுவரில் மாட்டிக்கொண்டேன். வெளி வீதிப் பக்கம் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் கிடங்கு. 'விளம்பரம் செய்யாதீர்' என்ற எழுத்தின் மேலேயே சுவரொட்டி, அதன் மேல் இன்னொன்று. சினிமா, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சி மாநாடு என்று விரல் கனத்துக்குக் காகிதம் ஏறியிருக்கிறது. மைதாப் பசையின் ருசிக்கு மாடு வரும். எட்டுகிற உயரம் வரை அது கிழித்துத் தின்னும், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஒருநாள் அப்படிக் கிழிந்த இடத்தில், மறைந்த பெரியவர் ஒருவரின் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே யாரோ ஒரு கதாநாயகியின் சிரிப்பு. அதற்கும் கீழே 'இவண்' என்ற சொல் மட்டும். வேண்டுமென்றே ஒட்டினாலும் இப்படி அமையாது. மறுநாள் ட்ரைபாடோடு போனால், அதே இடத்தில் பளபளவென்று ஒரு பூப்புனித நீராட்டு விழா! அன்றிலிருந்து பார்த்த உடனே எடுத்துவிடுகிறேன், செல்போனானாலும் சரி.

காலை வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும்போது போக வேண்டும். காகிதத்தின் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நிழல் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் போனால் வெறும் குப்பைதான்.

அமெரிக்காவில் ஆரோன் சிஸ்கைண்ட் என்று ஒருவர். 1930களில் நியூயார்க்கின் ஹார்லெம் மக்களைப் படமெடுத்தவர், 1940களில் உரிந்த பெயிண்டுக்கும் கிழிந்த சுவரொட்டிக்கும் வந்துவிட்டார். வானம் இல்லை, தரை இல்லை, தட்டையாக ஒரு பரப்பு மட்டும். முதலில் பார்த்தபோது ஓவியம் என்றே நினைத்தேன். பாழடைந்த இடம் என்றதும் அங்கே படுத்திருக்கும் மனிதரை எடுத்து 'வறுமை' என்று பேர் வைக்கிறார்களே, அது எனக்கு ஆகாது. சுவர் தேவலை.

உனக்கும் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம், இரும்பு உருக்கும் உலை என்று இவற்றையே எடுத்தார்கள். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நேருக்கு நேராக நின்று எடுப்பார்கள். அப்புறம் ஒரே இனத்துப் படங்களை வரிசை வரிசையாகக் கட்டம் கட்டி மாட்டுவார்கள். உங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டி நிற்கிறதே! காளான் மாதிரி ஒன்று, நாலு காலில் ஒன்று, விரிசல் விட்டும் இடிக்காமல் வைத்திருப்பது ஒன்று. வண்டியிலிருந்து இறங்கி நின்றால் போதும், முழங்காலுக்கும் வேலை இல்லை.

நேற்று ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார், இடத்தை விக்கப் போறாங்களா?" என்று கேட்டார். சும்மா சுவரைத்தான் எடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை. சென்ட் என்ன விலை போகும் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

நாலு பிரிண்ட் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் போனது போனதுதான். ஆனால் மாடு கிடைத்துவிட்டது. நாலாவது படத்தில் அதன் வாயிலிருந்து தொங்குவது யார் முகம் என்று உனக்காவது தெரிகிறதா பார்.

அன்புடன்,
ராஜு