நிஷி-கசாயிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

சென்ற ஞாயிறு மாலை டோக்கியோவின் சின்னத் திரையரங்கு ஒன்றில், டோயி நிறுவனம் 1970களில் எடுத்த சண்டைப்படம் ஒன்றைப் பார்த்தேன். அதில் நடித்த இரண்டு நடிகைகள் 'புதாய் ஐசாட்சு'வுக்கு, அதாவது மேடையேறி ரசிகர்களோடு பேச, வந்திருந்தார்கள். மூன்று நாளாகியும் மனசு அங்கேயேதான் இருக்கிறது.

எனக்கும் சேர்த்து வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய அலுவலகத் தோழிக்கு முதல் நன்றி. என் ஜப்பானிய மொழி எட்டாத இடங்களில் நோட்டில் எழுதிக் காட்டியதும் நீங்கள்தான்.

படம் ஓட்டிய ஐயா, உங்களை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. 35 மி.மீ. பிரிண்ட், ஒரு ரீல் சுமார் இருபது நிமிடம். திரையின் வலது மேல்மூலையில் புள்ளி மின்னியதும் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்ற வேண்டும். ஓரிடத்திலும் தடங்கலில்லை. வண்ணம் மங்கிச் சிவப்பேறிய பிரிண்ட்தான். ஆனாலும் பாறையில் அலை மோதும் டோயி முத்திரை வந்ததும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மேடையில் அமர்ந்த அம்மாக்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நடிகர் சோனி சிபா 1970இல் சண்டைக் கலைஞர்களைப் பயிற்றுவிக்கும் ஜப்பான் ஆக்‌ஷன் கிளப்பைத் தொடங்கியதும், அங்கே பயின்ற ஷிஹோமி எட்சுகோ 1974இல் கராத்தே நாயகியானதும் நான் படித்தறிந்தவை. அடிவாங்கி விழுகிறவர்களைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. உங்களில் மூத்தவர், எழுபதைத் தாண்டியவர், நாற்காலியைவிட்டு எழுந்து 'உகேமி', அதாவது அடிபடாமல் விழும் முறையை, செய்து காட்டினீர்கள். தாடையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, விழும் கணத்தில் கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும், தலை தப்பும். மேசைமேல் நீங்கள் அறைந்த அந்தச் சத்தத்தில் கடைசி வரிசையில் இருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப்பின் படத்தின் ஒவ்வொரு வீழ்ச்சியும் வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. அழகாக விழுவதற்கு எத்தனை நாள் விழுந்திருப்பீர்கள்!

ஜூடோ பயிலும் என் மகளிடம் சொன்னேன். "அம்மா, அதைத்தானே எங்க வகுப்புல முதல்ல சொல்லித் தந்தாங்க" என்றாள். பிறகு, அந்தப் பாட்டியை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த அம்மா, மழையில் நின்ற எனக்கு நீங்கள் தந்த குடை உலர்ந்துவிட்டது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன். மகளும் வருவாள்.

அன்புடன்,
கடைசி வரிசை ரசிகை