சவரக்கத்திக்குக் கைப்பாரம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும்போது கூர் வரவில்லை என்றதும் பலர் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். கத்தி கெடுவதே அங்கேதான்.

இருபுறமும் குழித்துக் கடைந்த கத்தியின் ஓரம் மிக மெல்லியது. அழுத்தினால் வளைந்துகொடுக்கும்; அப்போது கல் விளிம்பை விட்டுவிட்டு அதற்குச் சற்றுப் பின்னால் தேய்க்கும். பிசிறு எழுந்து, ஒடிந்து, விளிம்பு பல் பல்லாகிவிடும். முதுகும் வீணாகத் தேயும். முதுகுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது என்பதால் இது சின்ன விஷயமல்ல.

1000 எண் கல்லில் (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்), மழுங்கிய ஓரத்தைச் சரிசெய்யும் வரை மட்டும் ஒரு விரல் பாரம் கொடுக்கலாம். அளவு புரியாவிட்டால் கல்லைச் சமையலறைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, கத்தியை ஓட்டிப் பாருங்கள். 200 கிராமைச் சுற்றி நின்றால் போதும். 4000, 8000 என்று போகப்போகக் குறைத்து, 12000இல் கத்தியின் சொந்த எடையோடு நிறுத்துங்கள். முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படிந்திருக்க வேண்டும்.

கல்லில் உள்ள தண்ணீர் விளிம்பின் முழு நீளத்துக்கும் கத்தியின் மேல் ஏறிவந்தால் ஓரம் படிகிறது என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் ஓரத்தில் மார்க்கர் மை தடவி, மெதுவாக இரண்டு முறை ஓட்டுங்கள். விளிம்பின் நுனிக்கோட்டில் மை மிஞ்சினால் 1000க்கே திரும்புங்கள். 8000, 12000 போன்ற மெருகுக் கல்லில் அழுத்தி அதை ஈடுகட்ட முடியாது.

கல்லுக்குப் பின் கத்தியை இழுத்துச் சீராக்கும் தோல்வாரிலும் இதே கவனம் தேவை. வார் தொய்ந்திருக்க அழுத்தி இழுத்தால், கல்லில் வந்த கூர் உருண்டுபோகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்