கிடங்குகளின் அருகே டீசல் புகை: உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரிய சரக்குக் கிடங்குகளுக்கு அருகில் வசிப்போர், ஜன்னல் விளிம்பைத் துடைக்கும் ஈரத்துணியில் ஒட்டும் கரியைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கரியைவிட, லாரிகளின் டீசல் புகையிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத துகள்களே எனக்குக் கவலை தருகின்றன, ஏனெனில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று, அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலந்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன. அதே புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் வாயு மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்குவதால், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் பெரிதும் அவதிப்படுகிறார்கள். டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்தது.

சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்பதைத் தடுப்பது அதிகச் செலவில்லாத தீர்வு என்பதால், கிடங்கு நிர்வாகத்திடம் அதையே நாம் முதலில் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஓட்டுநர்களும் இதே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்குமே தவிர வாயுக்களைத் தடுக்காது. மூச்சிரைப்பு உள்ள குழந்தையை மருத்துவரிடம் காட்டும்போது, வீட்டுக்கு அருகில் லாரிகள் நிற்பதையும் தவறாமல் சொல்லுங்கள்.