கரிபூவுக்கு ஏது கூடு?

ஒன்ராறியோ மாகாண இயற்கை வள, சுற்றாடல் அமைச்சர்களுக்கு,

மதிப்புக்குரியீர், வணக்கம்.

சுப்பீரியர் ஏரியின் வடகரையோரம், பதினேழாம் இலக்க நெடுஞ்சாலையில் பதின்மூன்று வருடமாக ட்ரக் ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு கரிபூ மானையும் கண்டதில்லை. காணாத மிருகத்துக்காக எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். காணாததால்தான் எழுதுகிறேன்.

அந்த ஏரியிலுள்ள மிச்சிப்பிக்கோட்டன் தீவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2014 குளிர்காலத்தில் ஏரி உறைய, ஓநாய்கள் பனிமேல் நடந்து தீவுக்குள் வந்தன. நூற்றுக்கணக்கில் நின்ற கரிபூக்கள் நாலே வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. கரையோர முதற்குடி மக்கள் விடாமல் கேட்ட பிறகுதான், 2018இல் ஒன்பதை சிலேட் தீவுகளுக்கும் ஆறைக் கரிபூ தீவுக்கும் கொண்டுபோனார்கள். எதில்? ஹெலிகொப்டரில். நடப்பதற்கென்றே பிறந்த மிருகத்துக்கு நடக்க வழியில்லை. அதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

தீவுகளுக்கு வெளியே, ஏரிக்கரையில் மிஞ்சிய கரிபூக்களின் பாடும் அதுதான். வடக்கே பெருங்காட்டில் அவற்றின் இனம் இருக்கிறது, தெற்கே ஏரிக்கரை இருக்கிறது, நடுவில்தான் அறுந்துபோய்க் கிடக்கிறது. மரம் வெட்டி ரோடு போட்ட இடத்தில் இளங்காடு முளைக்கிறது. இளங்காட்டைத் தேடி மூஸ் என்ற பெரிய மான் வருகிறது, மூஸைத் தேடி ஓநாய் வருகிறது. போட்ட ரோட்டில் ஓநாய்க்கு ஓட்டமும் சுலபம்; அகப்படுவது கரிபூ. ஆகவே கேட்பது ஒன்றுதான்: வடக்குக் காட்டையும் கரையையும் சேர்க்கும் நடைவழியை வாழிடமாக ஏற்றுக் காப்பாற்றுங்கள்.

2016 ஜனவரியில் இதே நெடுஞ்சாலையிலுள்ள நிப்பிகன் பாலத்தின் தளம் மேலெழும்பியது நினைவிருக்கும். கட்டித் திறந்து சில கிழமைதான். கிழக்குக் கனடாவையும் மேற்குக் கனடாவையும் சேர்க்க அந்த ஒரு பாலத்தை விட்டால் நாட்டுக்குள் வேறு ரோடு இல்லை. அன்று மறிபட்டு நின்ற வாகன வரிசையில் நானும் நின்றேன். நாடே பதறியது, அடுத்த நாளே ஒரு தடம் திறந்தது. எங்கள் வழி ஒரு நாள் அறுந்ததற்கு அவ்வளவு பதற்றம்!

ஆனால் 2025 ஜூனில் நீங்கள் நிறைவேற்றிய சட்டம் விலங்கின் வாழிடத்தைக் குகை, கூடு போன்ற இருப்பிடமாகவும் அதை ஒட்டிய நிலமாகவும் சுருக்கிவிட்டது. கரிபூ எந்தக் கூட்டில் இருக்கிறது ஐயா? கதவிலக்கம் இருந்தால் சொல்லுங்கள், போகிற வழியில் தபால் போட்டுவிட்டுப் போகிறேன். இருபத்தைந்து சத நாணயத்தில் இருக்கும் கரிபூவுக்கு நடைவழி தேவையில்லை, பொக்கற்றுக்குப் பொக்கற் போய்விடும். உயிருள்ளதற்குத் தேவை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்த நடைவழியையும் வாழிடம் என்று சட்டத்தில் சேருங்கள். மிஞ்சியுள்ள காட்டில் புது ரோட்டுக்கு அனுமதி கொடுக்குமுன் கரையோர முதற்குடியினரைக் கேளுங்கள்.

இதை மகள் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புகிறாள். பதிலையும் அவளே வாசித்துச் சொல்வாள்.

பணிவுடன்,
பதினேழாம் நெடுஞ்சாலை ட்ரக் ஓட்டுநர் ஒருவர்