பழைய கேம் போட்டுத் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் ஒருநாள் என் மகன் லேப்டாப்பில் பிரின்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைத்தான் சொல்கிறேன். நான் பாலக்கோட்டில் படித்த காலத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் மூன்று பேர் சேர்ந்து ஆடிய விளையாட்டு அது. ஷிஃப்ட் பட்டன் ஒருத்திக்கு, அம்புக்குறிகள் ஒருத்திக்கு, வாசலில் காவல் ஒருத்தி. ஆசையாகப் போய் எட்டிப் பார்த்தேன். இளவரசன் கட்டையும் குட்டையுமாக ஓடினான். சத்தம் விட்டுவிட்டுக் கரகரத்தது. "ஏன்டா இப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பழைய கேம்மா, இப்படித்தான் இருக்கும்" என்றான்.

அந்தப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. அது அப்படி இருந்த விளையாட்டே இல்லை. ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு, படம்பிடித்து, ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்து வரைந்து 1989இல் வெளியிட்டது. ஒரு நிஜப் பையனின் உடம்பு அது. அதை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாக்கி என் மகனிடம் கொடுத்திருக்கிறோம்.

லேப்டாப் என் தங்கைக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். "பிள்ளைங்க ஆடுற பழைய கேம் நாலு போட்டுக் கொடுங்க" என்று ஒரு கடையில் கேட்டோம். அவரும் நல்ல மனதோடு, பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளையும் ஒரு கேம் ஃபோல்டரையும் பென்டிரைவிலிருந்து காப்பி செய்து கொடுத்தார். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பார்ப்போம். அந்தக் கால டாஸ் கேம்களில் பெரும்பாலானவை அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 200 புள்ளி. மானிட்டரோ 4க்கு 3 என்ற கணக்கில் இருந்தது. 320க்கு 200ஐ அதில் நிரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்காது, சற்று நெட்டையாக நிற்கும். வரைந்தவர்களும் அந்த மானிட்டரைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இன்றைய லேப்டாப் திரை 16க்கு 9. டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஃபுல்ரெசல்யூஷன் 'ஒரிஜினல்' என்றே இருந்தால், அந்தச் சின்னப் படத்தைத் திரை தன் இஷ்டத்துக்கு இழுத்து நிரப்பிவிடும். அதை 'டெஸ்க்டாப்' என்று மாற்றுங்கள். அவுட்புட்டை 'ஓபன்ஜிஎல்' ஆக்குங்கள். ஆஸ்பெக்ட் என்ற வரியில் 'ஃபால்ஸ்' இருந்தால் 'ட்ரூ' போடுங்கள். மூன்றே வரிதான். 1366×768 திரையில் நடுவே 1024×768 அளவுக்குப் படம் வரும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். "ஸ்கிரீன் ஃபுல்லா வரலையே" என்று வாடிக்கையாளர் கேட்டால், இதுதான் சரியான அளவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அப்புறம், படத்தை வழவழப்பாக்குகிறேன் என்று ஹெச்க்யூ2எக்ஸ் போன்ற, படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை மழுக்கும் ஸ்கேலர்களைப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். முகமெல்லாம் மெழுகு உருகியது போல் ஆகிவிடுகிறது.

நம் பக்கத்துக் கூத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் வேஷம் கட்டியவரின் அரிதாரம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், இருபதடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்காகப் பூசியது. அதே முகத்தைப் பகலில் அரையடி கிட்டத்தில் பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். பூசியவருக்குப் பூசத் தெரியவில்லை என்றா சொல்வோம்? பழைய கேம்களின் புள்ளிகளும் அப்படித்தான். பழைய பிக்சர் டியூபில் ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கலக்கும். அந்தக் கலப்பை நம்பித்தான் இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி வைத்து மூன்றாவது நிறத்தைக் காட்டினார்கள். இதை இன்றைய திரையில் ஓரளவு கொண்டுவர, படத்தின் மேல் பூச்சு போலப் போடும் ஷேடர்கள் இருக்கின்றன. டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற புதிய வடிவத்தில் அவை கூடவே வருகின்றன, படத்தின் அளவையும் அதுவே சரியாக வைத்துக்கொள்கிறது. புதிதாகப் போடுகிறவர்கள் அதையே போடலாம். ஆனால் தடித்த கறுப்புக் கோடுகள் ஓடும் ஷேடர் டாஸ் கேமுக்குப் பொருந்தாது. விஜிஏ என்ற அந்தக் கால டிஸ்ப்ளே கார்டு அந்த 200 வரிகளில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வரைந்து 400 ஆக்கியது, அதனால் இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் கோடுகள் கேசட் போட்டு ஆடிய டிவி கேமுக்கு உரியவை.

சத்தத்தில்தான் அதிகமாக இழக்கிறோம். எங்கள் லேப்டாப் கரகரத்ததற்குக் காரணம், கேம் ஓடும் வேகத்தைச் சொல்லும் சைக்கிள்ஸ் என்ற வரியை 'மேக்ஸ்' என்று விட்டிருந்ததுதான். ப்ராசசர் முழுவதையும் கேமே விழுங்கிவிட்டால் ஒலிக்கு நேரம் கிடைக்காது. பிரின்ஸ் மாதிரியான பழைய கேமுக்கு 3000, 5000 என்று ஒரு எண்ணை வைத்தால் போதும். அதற்கும் கரகரத்தால், ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் ப்ரீபஃபர் எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அடுத்தது, ஃபோல்டரில் இருக்கும் செட்டப் கோப்பை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். யாரோ எப்போதோ சவுண்டு கார்டே இல்லாத கம்ப்யூட்டரில் 'பிசி ஸ்பீக்கர்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தது அப்படியே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும். சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸ் காட்டும் கார்டு அதுதான். பீப் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கேமில் திடீரென்று இசை வரும்போது பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

1987இல் வந்த ஆட்லிப் என்ற சவுண்டு கார்டில் யமஹாவின் ஒரு சின்னச் சில்லு, ஒன்பது குரல்கள். அவ்வளவுதான். அதே ஆண்டு ரோலண்ட் எம்டி-32 என்ற இசைக்கருவியும் வந்தது. 1988இல் வெளியான கிங்ஸ் குவெஸ்ட் 4 என்ற கேம் அதில் வாசிக்கும்படி இசை எழுதிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட கேமை, பிற்பாடு பொதுவாக வந்த ஜெனரல் மிடி என்ற கருவி வரிசையில் ஓடவிட்டால் கருவிகளின் எண் வரிசை மாறிப்போகும். நாதஸ்வரம் வாசிக்க வேண்டிய இடத்தில் உறுமி கேட்பது போல இருக்கும். முண்ட் என்ற மென்பொருள் எம்டி-32 போலவே நடித்து அதன் ஒலியைக் கொண்டுவருகிறது, ஆனால் ரோலண்டுக்கு உரிமையான, அந்தக் கருவிக்குள் பதிந்திருந்த ரோம் கோப்புகள் அதற்கு வேண்டும். 1993இல் வந்த டூம் போன்ற கேம்களுக்கு ஜெனரல் மிடியே சரி. விண்டோஸோடு வரும் மெலிந்த ஒலிக்குப் பதிலாக ஃப்ளூயிட்சிந்த் என்ற மென்பொருளும், கருவிகளின் ஒலிகள் அடங்கிய ஒரு நல்ல சவுண்டுஃபான்ட் கோப்பும் போட்டால் வீடே நிறையும்.

கடைசியாக ஒன்று. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவிகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. பழைய டியூப் மானிட்டர்களும் உங்கள் கடைக்கு வருகின்றன. ஓடும் நிலையில் இருப்பதை எடைக்குப் போடாதீர்கள். ஓடாததையும் செம்புக்காக உடைக்காதீர்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உள்ளே வெற்றிடம், கரண்டைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஓடும் மானிட்டர் ஒன்றைக் கடை மூலையில் வைத்து, அதில் பிரின்ஸையோ டேஞ்சரஸ் டேவ் கேமையோ ஓடவிட்டுப் பாருங்கள். நீங்கள் போட்டுக் கொடுக்கும் லேப்டாப்பில் படமும் சத்தமும் சரியாக வருகிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேளுங்கள், நாங்கள் கொடுக்கிறோம். என் மகனின் லேப்டாப்பை நானே உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன். அவன் வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் அதே ஃபோல்டரை வைத்திருக்கிறார்கள், அவர்களை உங்களிடம்தான் அனுப்பப் போகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி