ராமன் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவினருக்கு, வணக்கம்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, மகளோடு அறிவியல் ஆய்வகத்துக்குள் போனேன். சுவரில் வரிசையாக ஆறு படங்கள். ஆறும் ஆண்கள். நடுவில் தலைப்பாகையோடு சர் சி.வி. ராமன். அவர் பக்கத்தில் உயிர்வேதியியல் அறிஞர் கமலா சோஹோனியின் படத்தையும் மாட்ட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏன் அவர் பக்கத்தில் என்றால், கதை அங்கேதான் தொடங்குகிறது. 1933இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முடித்த கமலா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநராக இருந்த ராமன், பெண் என்பதற்காகவே மறுத்துவிட்டார். கமலா விடவில்லை. நேரில் போய் நின்றார். கடைசியில் ஒரு வருஷம் தகுதிகாண் மாணவியாக இருக்கலாம், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1918இல், நம் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார்!

கமலா அந்த ஒரு வருஷத்தில் தன் திறமையைக் காட்டினார். அப்புறம் பெண்களுக்கும் அங்கே கதவு திறந்தது. ராமன் பெரிய மேதைதான், ஆனால் குறுகிய மனம் என்று பிற்காலத்தில் கமலாவே சொன்னார்.

பிறகு கேம்பிரிட்ஜ். உருளைக்கிழங்கை வைத்து ஆய்வு செய்து, தாவரத் திசுக்களிலும் சைட்டோகுரோம் சி இருப்பதைக் காட்டினார். உயிரணு மூச்சு விடுவதற்கு வேண்டிய புரதம் அது. 1939இல் முனைவர் பட்டம். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்கெல்லாம் இல்லை. ஊர் திரும்பியதும் நாம் சாப்பிடுகிற பருப்பு, மொச்சை, பால் என்று இறங்கிவிட்டார். வேகவைக்காத பயறு வகைகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. வேகவைத்தால் பெருமளவு போய்விடும். அவர் அதை ஆராய்ந்தார். மொச்சையை நன்றாக வேகவை என்று மாமியார் கத்துவதில் விஷயம் இருக்கிறது, பாருங்கள்.

குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சொன்னதன் பேரில் நீராவையும் ஆராய்ந்தார். நீரா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம பதநீரின் குடும்பம்தான். அதில் வைட்டமின்களும் இரும்புச்சத்தும் இருப்பதைக் காட்டினார். குடியரசுத் தலைவர் விருதும் கிடைத்தது. சித்திரை வெயிலில் காட்பாடி - குடியாத்தம் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஓலைப் பட்டையில் வாங்கி, சுண்ணாம்பு வாசனையோடு மடக்மடக்கென்று குடிக்கிறோமே, அதே சரக்குதான். அந்தப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தலாம், ஆசிரியர்களே!

'பொண்ணுக்கு எதுக்கு சயின்ஸ் குரூப், கணக்குப் பதிவியல் எடுக்கட்டும்' என்று பதினோராம் வகுப்பில் சேர்க்கும்போது என்னிடமும் சொன்னார்கள். சொன்னவர் சொந்தக்காரர் என்பதால் சும்மா இருந்தேன். மகள் சும்மா இருக்கவில்லை. இப்போது உயிரியல் எடுத்திருக்கிறாள்.

படத்துக்கும் சட்டத்துக்கும் ஆகிற செலவு என்னுடையது. ராமனுக்கு வலப்பக்கம் இடம் காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆணி அடிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் அம்மா